கூடை இல்லாமல் ஓடக்கூடாது

இன்றைக்கும் ஒரு பெண் வெறுங்கையோடு ஓடுவதைப் பார்த்தால் நான் நடப்பதை நிறுத்திவிடுகிறேன். கடற்கரைச் சாலையில் காலை நேரத்தில் ஷூ மாட்டிக்கொண்டு, காதில் எதையோ செருகிக்கொண்டு ஓடுகிறார்கள். நன்றாகத்தான் ஓடுகிறார்கள், எனக்கொன்றும் பொறாமை இல்லை. ஆனால் அந்த முதல் நொடியில் என் வாயில் வருவது, யாருக்கு இன்னா ஆச்சு என்பதுதான். என் மகள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவள் எங்கள் ஊரில் வளரவில்லை.

நான் பிறந்தது மரக்காணத்து உப்பளத்தை ஒட்டிய ஒரு தெருவில். எழுபதுகளில் எங்கள் பக்கத்துப் பெண்கள் ஓடாமல் அடக்க ஒடுக்கமாக இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பொழுது விடிந்தால் ஓட்டம்தான். பாத்தியில் வாரி ஒதுக்கின உப்பைக் கூடையில் அள்ளி, தலையில் சும்மாடு வைத்துத் தூக்கி, வரப்பு மேலேயே ஓடி, மேட்டில் இருக்கும் அம்பாரத்தில் கொட்ட வேண்டும். மெதுவாக நடந்தால் கழுத்து தாங்காது. ஓடினால் பாரம் தெரியாது. ஆகவே என் அம்மா ஓடினாள், சித்தி ஓடினாள், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் ஓடினேன். தலையில் கூடை இருக்கும்வரை எந்த ஆம்பளையும் எங்களைத் திரும்பிப் பார்த்ததில்லை. கூடை இல்லாமல் ஒரு பெண் ஓடினால் மட்டும் அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். எங்கேயோ சாவு விழுந்துவிட்டது, அவள் சேதி சொல்ல ஓடுகிறாள்.

என் கூட்டாளி ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பக்கத்துக் குப்பத்தில் மீன்பிடிக்கிற வீட்டுப் பெண். எட்டாவது வரைக்கும் எனக்கும் அவளுக்கும் ஒரே பெஞ்சு. அப்புறம் அவளைப் புதுச்சேரியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க அனுப்பினார்கள். அங்கே போய் அவள் ஓட்டக்காரி ஆகிவிட்டாள். லீவுக்கு வரும்போதெல்லாம் டிரங்குப் பெட்டியில் ஒரு கப்பாவது இருக்கும். அதில் அவள் அப்பா பீடித் துண்டு போடுவார் என்று சொல்லிச் சொல்லித் திட்டுவாள்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து அவள் குப்பத்துக்குத் திரும்பின வருஷம் அவளுடைய அக்கா பிரசவத்தில் செத்துப்போனாள். ஒரு பெண் குழந்தை நடக்கிற வயசு, இன்னொன்று கைக்குழந்தை. அக்கா புருஷனுக்கே தங்கச்சியைக் கட்டிவைத்துவிடுவது என்று கருமாதி வீட்டிலேயே பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். பாவம், வாய் பேசாத மனுஷன். ஆனால் இவளுக்கு அவர் மாமா. அக்காவைக் கட்டும் முன்னாலிருந்தே உறவு, சின்ன வயசில் இவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். அவரோடு ஒரே பாயில் படுக்க வேண்டும் என்று நினைத்தாலே வாந்தி வருது என்று என்னிடம் சொன்னாள்.

அப்போதுதான் போலீசில் பெண்களையும் எடுக்கிறார்கள் என்ற பேச்சு வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. போதும், உயரம் பார்ப்பார்கள், ஓடச் சொல்வார்கள். ஓட்டம் என்றதுமே அவள் கண்ணில் ஒரு வெளிச்சம். அவள் அப்பாவிடம் போய், இதில் பாஸானால் என்னை விட்டுவிடணும், பாஸாகவில்லை என்றால் ஆவணியில் நீ காட்டுகிற மணையில் வாய் திறக்காமல் உட்காருகிறேன் என்று பேரம் பேசினாள். அவருக்கு ஒரே சிரிப்பு. பொம்பளைக்கு யார் லத்தி கொடுக்கப்போகிறார்கள் என்று நினைத்து, சரி என்று தலையாட்டிவிட்டார். நானும் எங்கள் ஊரிலேயே எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தேன், கூடவே மனுப் போட்டேன். எனக்குக் கல்யாணத் தொல்லை எல்லாம் இல்லை. உப்பு வெயிலில் அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது, அந்தப் பயம் எனக்கு. ஆனால் எனக்குக் கிடைக்காவிட்டால் இன்னொரு வருஷம் கூடை தூக்கலாம். அவளுக்கு அந்த ஒரு ஓட்டம்தான்.

முதல் நாள் காலையில் குப்பத்துக் கரையோடு கூனிமேட்டுப் பக்கமாக இரண்டு பேரும் ஓட ஆரம்பித்தோம். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு நான் பின்னால், அவள் முன்னால். அவள் ஓடுகிற அழகை அன்றைக்குத்தான் முதலில் கண்ணால் பார்த்தேன். குதிகால் மணலில் படவே இல்லை. முன்பாதத்தை ஊன்றி ஊன்றி எழும்பிப் போகிறாள், ஆட்டுக்குட்டி துள்ளுகிற மாதிரி. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்ததும் அப்படியே எழுந்து நின்றார். எந்த மரம், எந்த மரம் என்று கத்தினார். எந்தக் கட்டுமரம் கவிழ்ந்தது என்று கேட்கிறார். எங்களுக்கு மூச்சு வாங்கியது, பதில் சொல்லாமல் ஓடினோம். அந்தப் பதில் இல்லாததையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார்.

ஐயையோ, அதற்குப் பிறகு நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. பின்னால் ஏதோ சத்தம் கேட்டு நாங்கள் நின்று திரும்பினால் குப்பமே திரண்டு வருகிறது. தலைமுடி அவிழ்ந்த பெண்கள், இடுப்பில் பிள்ளைகள், கடலைப் பார்த்து ஓடுகிறவர்கள், மாரில் அடித்துக்கொள்கிறவர்கள். விடியுமுன் கடலுக்குப் போன அத்தனை பேருடைய பெண்டாட்டிகளும் அங்கே இருந்தார்கள். ஒருத்தி ஓடி வந்து என் கூட்டாளியின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, யாருன்னு சொல்லுடி என்று உலுக்கினாள். இவள் மிரண்டுபோய், சும்மா ஓடிப் பாத்தோங்க்கா என்றாள். விழுந்தது ஓர் அறை. அந்தப் பெண் அறைந்துவிட்டு அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதோடு கரையில் ஓடக்கூடாது என்று அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். செலக்ஷனுக்குப் போ, வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் இங்கே ஓடி ஊர் வயிற்றைக் கலக்காதே என்றார். அது எப்படி இருக்கிறது பாருங்கள். பரீட்சை எழுதலாம், படிக்கத்தான் கூடாது.

இரண்டு நாள் கழித்து உப்பளத்துக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். நான் வேலையில் இருந்ததால் மேட்டில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக வரப்பில் ஓடுகிறோம், கொட்டுகிறோம், திரும்புகிறோம். திடீரென்று எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய், நீங்கல்லாம் நாள் பூரா ஓடிக்கினுதான்டி இருக்கீங்க. எவனாவது பாக்குறானா? எனக்கும் ஒரு கூடை குடுக்கச் சொல்லு."

எனக்கு அது அப்படி ஒரு அற்புதமான யோசனையாகத் தெரிந்தது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டால் யார் தடுப்பார்கள்? கல்யாணம் வரைக்கும் கூலிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னாள், அவள் அப்பாவுக்குச் சந்தோஷம். மேஸ்திரிக்கு ஆள் கிடைத்தால் போதும். என் அம்மாவே சும்மாடு சுற்றிக் கொடுத்தாள். எங்களை விட்டால் உலகத்தில் வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்? ஓட்டத்தை உப்புக்கூடைக்கு அடியில் ஒளித்துவைத்தோம்.

உப்பளத்து ஓட்டம் என்பது தனி ஓட்டம். முட்டி கொஞ்சம் மடிந்தே இருக்கும். காலைத் தூக்கவே மாட்டோம், வரப்பைத் தடவிக்கொண்டு போகிற மாதிரி குட்டிக் குட்டி அடி. இடுப்பு மட்டும் ஆடும், தலை ஆடாது. தூரத்தில் இருந்து பார்த்தால் கூடைகள் தாமாக நகர்ந்து போவதாகத்தான் தெரியும். எங்களுக்கு இதை யாரும் கற்றுக் கொடுக்கவில்லை, விவரம் தெரிந்த நாளிலிருந்து தூக்கியதில் வந்தது. அவளுக்கு அது வரவில்லை. கப்பு வாங்கின துள்ளல் அவள் காலில் ஊறிப்போயிருந்தது. கூடையை வைத்துக்கொண்டும் துள்ளினாள். ஒவ்வொரு துள்ளலுக்கும் கூடையில் உப்பு எம்பும், கொஞ்சம் வெளியே தெறிக்கும். அவள் ஓடின வரப்பில் கோலமாவு சிந்தின மாதிரி வெள்ளைக் கோடு கிடக்கும். பாதி உப்பு வரப்புக்கே போகுது, உங்க அப்பன் வீட்டு உப்பா என்று மேஸ்திரி கத்துவார். நாங்கள் எல்லாரும் சிரிப்போம். எம்புகிற பாரம் திரும்ப இறங்கும்போது எங்கே போய் இடிக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உப்பு வீணாகிறது, அது ஒன்றுதான் எங்கள் கண்ணில் பட்டது.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது. புதிதாக உப்பளத்துக்கு வருகிறவளுக்கு முதலில் மூச்சு முட்டும். நாலு நடைக்கு ஒருதரம் கூடையை இறக்கிவிட்டு உட்காருவாள். அதனாலேயே அவள் கால் தப்பித்துக்கொள்ளும். இவளுக்கோ வருஷக்கணக்காக ஓடிப் பழகின நெஞ்சு, மூச்சு வாங்கவே வாங்காது. நாங்கள் கஞ்சி குடிக்க உட்கார்ந்தால் அவள் இன்னும் நாலு நடை போய் வருவாள். கூடையைக் குவித்து அள்ளச் சொல்வாள். என் அம்மா, அடியே பேய் புடிச்சவளே, குந்து என்பாள். அவள் கேட்டால்தானே. ஓட்டத்தில் அவள் பழம் தின்று கொட்டை போட்டவள், பாரத்தில் பச்சைக் குழந்தை. அது அவளுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

எனக்கும் அவளோடு போட்டி போட்டு ஓடியதில் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு நெடுக ஒரே கடுப்பு. இது உப்பளத்தில் சகஜம். சீசன் ஆரம்பத்தில் எல்லாருக்கும் வரும். உப்பை வாணலியில் வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்து, பழம்புடவையைக் கிழித்து இறுக்கிச் சுற்றிக்கொண்டால் பத்து நாளில் போய்விடும். அம்மா எனக்கு ஒத்தடம் கொடுத்தாள். அவளும் கொண்டு வா ஆத்தா என்று காலை நீட்டினாள். சூடு பட்டதும் எப்படி இருக்குது தெரியுமா, வலியே இல்ல என்றாள்.

ஒரு நாள் மேட்டில் உட்கார்ந்திருக்கும்போது என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் மேலேயிருந்து கீழே வரை அழுத்திக்கொண்டே வந்தாள். எலும்பு பூரா வலிக்குதா, இல்ல ஒரே ஒரு எடத்துல வலிக்குதா என்று கேட்டாள். பூராத்தான் வலிக்குது, இன்னா பெரிய டாக்டரு மாதிரி கேக்குற என்றேன். பூரா வலிச்சா ஒண்ணும் இல்ல, ஓடு என்று காலை இறக்கி வைத்தாள். உனக்கு எப்படி என்று கேட்டேன். எனக்கும் அதே மாதிரிதான் என்றாள். நான் நம்பிவிட்டேன், நம்பாமல் இருக்க எனக்கு என்ன இருந்தது?

அதற்குக் கொஞ்ச நாளில் ஓர் அதிசயம் நடந்தது. அவள் வரப்பில் வெள்ளைக் கோடு விழுவது நின்றுவிட்டது. துள்ளல் போய்விட்டது. முட்டியை மடித்துக்கொண்டு, பாதத்தைத் தட்டையாக வைத்து, அடியைக் குறுக்கிக்கொண்டு, அசல் எங்களைப் போலவே ஓடினாள். ஒரு கல் உப்பு கீழே விழவில்லை. மேஸ்திரியே நின்று பார்த்துவிட்டு, பரவாயில்லியே, பழகிடுச்சே என்றார். அவர் வாயில் அந்த மாதிரி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. இப்பதான்டி நீ உப்பளத்துக்காரி என்று என் அம்மா அவள் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தாள். அவளும் சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனி கடைசியில் எங்கள் இரண்டு பேருக்கும் கடலூருக்கு செலக்ஷனுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. முதல் பஸ்ஸில் போனோம். அவள் ஹாஸ்டலில் போட்டுக்கொண்டு ஓடின டிவைடட் ஸ்கர்ட், பாவாடை மாதிரித் தெரிகிற அரைக் கால்சட்டை, இரண்டு இருந்தது. ஒன்றை எனக்குக் கொடுத்தாள். நாலு பேர் முன்னால் என் முழங்கால் வெளியே தெரிந்தது வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதல் தடவை. மைதானத்துச் சுவரெல்லாம் ஆம்பளைகள். பொம்பளைகள் ஓடுவதைப் பார்க்க ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன் விசில் அடித்தான். அடப் பாவிங்களா, உங்களுக்கெல்லாம் வேலை வெட்டியே கிடையாதா என்று மனதுக்குள் வைதுகொண்டு நின்றேன். 

விசில் ஊதி ஓடச் சொன்னதும் முதல் பத்து அடியிலேயே என் வலது கை தானாகத் தலைக்குப் போய்விட்டது. கூடையைப் பிடிக்கப் போயிருக்கிறது! சுவரே சிரித்தது. கையைக் கீழே இறக்கினேன், அதை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. ஆனால் கால்? கால் பறந்தது. தலையில் பாரம் இல்லாமல் ஓடினால் இப்படியா இருக்கும் என்று எனக்கே திகைப்பாக இருந்தது. அவள் எதிர்பார்த்தபடியே எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

கடைசிச் சுற்றுக்கு முன்னால்தான் கவனித்தேன். அவளுக்கும் எனக்கும் நடுவே இருந்த தூரம் குறைந்துகொண்டே வந்தது. இது எப்படி? அவளை நான் பிடிப்பதா? கப்பு வாங்கினவளையா? பக்கத்தில் நெருங்கிப் பார்த்தால் அவள் துள்ளவில்லை. அவ்வளவு பெரிய மைதானத்தில், தலையில் ஒன்றும் இல்லாமல், முட்டியை மடித்து, பாதத்தைத் தட்டையாக வைத்து உப்பளத்து ஓட்டம் ஓடிக்கொண்டிருக்கிறாள். பைத்தியக்காரி, கூடை இல்லை என்பதையே மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவளைத் தாண்டும்போது முகத்தைப் பார்த்தேன். கீழுதட்டைப் பல்லால் கடித்திருந்தாள், ரத்தம் வந்திருந்தது.

தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பேன். பின்னால் பட்டென்று ஒரு சத்தம். காய்ந்த சவுக்குக் கழியை முட்டியில் வைத்து முறித்தால் வருமே, அப்படி. சுவரில் இருந்தவர்கள் எல்லாரும் ஓ என்றார்கள். நான் திரும்பவில்லை. வரப்பில் ஓடுகிறவள் திரும்பிப் பார்த்தால் கூடை சரியும், ஆகவே எங்கள் கழுத்து ஓடும்போது திரும்பாது. அது பழக்கம், நான் யோசித்துச் செய்ததில்லை. கோட்டைத் தாண்டி நின்ற பிறகுதான் திரும்பினேன்.

அவள் தரையில் கிடந்தாள். கிடந்தாள் என்று சொல்வதுகூடத் தப்பு. இரண்டு கையையும் ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்து, கோட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள். ஒரு பெண் அதிகாரி, அசையாதே, அசையாதே என்று கத்திக்கொண்டு ஓடுகிறார். அவள் காதில் ஏறவில்லை. அவள் இடது காலில் முட்டிக்கும் கணுக்காலுக்கும் நடுவே, மடங்கக்கூடாத இடத்தில் ஒரு மடிப்பு இருந்தது. கடவுளே, மனுஷக் கால் அந்த இடத்தில் மடியுமா? நான் அங்கேயே குனிந்து வாந்தி எடுத்தேன். விசில் அடித்தவன் சுவரில் இருந்து இறங்கிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர் ஒருவர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார், மறுபடியும் அதைப் பார்த்தார். இது இன்னிக்கு உடைஞ்சது இல்லம்மா என்றார். எலும்பில் விரிசல் விழுந்து பல வாரம் இருக்கும், சுற்றிலும் எலும்பு கூடிவரப் பார்த்திருக்கிறது, அதற்குள் திரும்பத் திரும்ப அதன் மேலேயே ஓடியிருக்கிறாள், இன்றைக்கு முழுசாகப் போய்விட்டது என்றார். இந்தக் காலை வைத்துக்கொண்டு ஒழுங்காக ஓடியிருக்கவே முடியாதே, கூட இருந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டார்.

இல்லீங்க சார், இப்பத்தான் ரொம்ப நல்லா ஓடினா, உப்பே சிந்தல என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.  பழகிவிட்டாள் என்று மேஸ்திரி மெச்சினாரே, என் அம்மா திருஷ்டி கழித்தாளே, நான் பெருமைப்பட்டேனே, அது பழக்கமே இல்லை. வலி. துள்ளினால் உயிர் போகிறது என்றுதான் அவள் துள்ளுவதை விட்டிருக்கிறாள். ஒரு மாசமாக எங்கள் கண் முன்னால் ஒருத்தி வலியில் ஓடுகிறாள், நாங்கள் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று கொண்டாடியிருக்கிறோம்.

டாக்டர் வெளியே போனதும் கட்டிலண்டை போய் நின்றேன். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. எங்கேடி வலிச்சது என்றேன். அவள் கண்ணைத் திறக்காமலே ஒரு விரலைக் காட்டினாள்.

"ஒரு வெரல் வெக்கிற எடந்தான்டி. ஹாஸ்டல்ல ஒரு அக்காவுக்கு இதே மாதிரி வந்துச்சு. ரெண்டு மாசம் ஓடவே கூடாதுன்னு படுக்க வெச்சிட்டாங்க. எனக்கு ஏதுடி ரெண்டு மாசம்?"

அவள் தெரியாமல் ஓடவில்லை. எல்லாம் தெரிந்துதான் ஓடியிருக்கிறாள். என் காலை மடியில் வைத்து அழுத்திப் பார்த்தாளே, அது அவள் தன் காலுக்கு விடை தேடியது. எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடித்துக்கொள்ளவும் வேண்டும் போல இருந்தது. இரண்டும் செய்யவில்லை. நீ பாஸாடி என்று அவள்தான் கேட்டாள். ஆமாம் என்றேன். நல்லா ஓடின, கையை மட்டும் ஏன்டி தூக்கின என்றாள்.

சாயங்காலம் அவள் அப்பாவும் மாமாவும் வந்தார்கள். அப்பா வாசலிலேயே நின்று அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுதார். கல்நெஞ்சுக்காரர் என்று யாரும் நினைக்க வேண்டாம், தோளில் கிடந்த துண்டு நனைகிற அளவுக்கு அழுதார். மாமா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றார். டாக்டர் வந்து, மாவுக்கட்டு தொடை வரைக்கும் போட்டிருக்கிறது, ஐப்பசி வரைக்கும் கால் தரையில் படவே கூடாது, அதற்குப் பிறகும் முன்னை மாதிரி ஓட முடியும் என்று நினைக்க வேண்டாம் என்று பொறுமையாகச் சொன்னார். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிறோமே என்றார். டாக்டருக்குப் புரியவில்லை. இந்த நிலைமையில் எப்படிப் பெரியவரே, தள்ளி வையுங்கள் என்றார்.

அவள் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபமே இல்லை அந்தக் குரலில். நாளைக்குக் காத்து எந்தப் பக்கம் என்று சொல்கிற குரல்.

"கல்யாணத்துக்கு இன்னா, ஓடவா போறா சார்?"

  கட்டிலில் இருந்தவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. தள்ளி வைக்கவில்லை, ஒரு நாள்கூடத் தள்ளி வைக்கவில்லை. கூறைப்புடவையை ஒரு பக்கமாகச் சுற்றி, மாவுக்கட்டுப் போட்ட காலை முன்னால் நீட்டி, கீழே தலையணை கொடுத்து மணையில் உட்கார வைத்திருந்தார்கள். நான் அவள் பின்னால் முதுகுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாலி ஏறியது. அடுத்தது அக்கினியைச் சுற்றி வர வேண்டும். எப்படிச் சுற்றுவது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நாற்காலியோடு தூக்கலாம் என்றார்கள், மாப்பிள்ளை மட்டும் சுற்றினால் போதும் என்றார்கள். மாமா ஒன்றும் பேசவில்லை. குனிந்து அவளை இரண்டு கையாலும் வாரித் தூக்கிக்கொண்டு சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

பெண்கள் குலவை போட்டார்கள். கை தட்டினார்கள். எப்படித் தாங்குறான் பாரு, அக்காவைத் தாங்கின மாதிரியே தாங்குறான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கட்டு அவ்வளவு கனம், அவளும் நல்ல உயரம், அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. மூன்று சுற்றும் முடித்து, மெதுவாக அவளை மணையில் இறக்கினார். நான் குனிந்து அவள் காலுக்குத் தலையணையைச் சரிசெய்தேன். அவள் என் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்தாள்.

"மூணு சுத்துக்கே மூச்சு வாங்குதுடி இவருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மணப்பெண் சிரிக்கிறாள் என்று சுற்றி நின்ற எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். நான் தலையணையைப் பிடித்தபடியே இருந்தேன். நிமிர என்னால் முடியவில்லை.